ஐஸைக் கழித்து

போர்ட் ஹார்கோர்ட். மீன் குளிர்கிடங்கின் கணக்கறை.
காலை ஏழு மணி.
லண்டன் சந்தை திறக்க
இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

மின்னஞ்சல் வந்திருக்கிறது:
அன்புள்ள இபினாபோ, மீண்டும் முயலுங்கள்,
உங்களுக்கு மட்டும் இருபது சதவீதம் தள்ளுபடி.
தோற்றவளை இவ்வளவு அன்பாக
வேறு யாரும் அழைத்ததில்லை.

சென்ற முறை கட்டியது ஐந்நூற்றுப் பத்து டாலர்.
நைராவில் சொன்னால் வாய் வலிக்கும்.
என் சம்பளத்தில் சொல்கிறேன்:
நாலே கால் மாதம்.
பதிலுக்கு அவர்கள் தந்தது
லட்சம் டாலர் என்று எழுதிய ஒரு திரை.

எட்டாயிரம் இழந்தால் கதவு சாத்தப்படும்.
பத்தாயிரம் சேர்த்தால் இன்னொரு கதவு,
அதற்குப் பின்னாலும் ஒரு தேர்வு.
அதையும் தாண்டினால்
லாபத்தில் நூற்றுக்கு எண்பது எனக்கு.
நான் ஏறினால் வேலியும் கூடவே ஏறும்.
இறங்கும்போது மட்டும்
ஏறிய இடத்திலேயே நிற்கும்.

பதினேழு நாள் தாக்குப்பிடித்தேன்.
அன்று வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றரை,
அமெரிக்காவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது
என்று சொல்லும் நேரம்.
யூரோ விழும் என்று விற்றிருந்தேன்.
அது முதலில் ஏறியது.
பாதியைக் குறைக்கலாம் என்று விரலை நீட்டினேன்,
மின்சாரம் போனது.

ஜெனரேட்டருக்கு உயிர் வர நாற்பது நொடி.
ரவுட்டருக்கு நினைவு திரும்ப இரண்டு நிமிடம்.
திரை வந்தபோது
சிவப்பில் ஒரே ஒரு வரி.

மூன்று மணிக்கு
நான் சொன்ன இடத்தில் போய் நின்றது யூரோ,
பஸ் போன பிறகு வந்த பயணிபோல.
என் கணிப்பு சரி.
நாற்பத்தொரு பக்க விதிமுறையில்
சரியாக இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

லேகோஸில் நிஜ நாற்காலி தரும்
நிறுவனம் ஒன்று உண்டு.
ஐயாயிரம் டாலர் முன்பணம்,
மேசைக்கு மாத வாடகை,
முதலில் கரைவது என் பணம்.
விலகினால் ஆறு மாதம்
வேறெங்கும் உட்காரக் கூடாது.
நாற்காலியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நல்ல நாற்காலி.

லாரி ஓட்டும் டகோகோ சொல்கிறான்,
வாரியில் அவன் மைத்துனன் ஜெயித்தான்,
பணம் வந்தது, கார் வாங்கினான் என்று.
கார் உண்மை. நானே ஏறியிருக்கிறேன்.
அதுதான் தொந்தரவு.
முழுப் பொய் என்றால் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.
ஜெயிக்காத மைத்துனர்கள் எத்தனை பேர்
என்று கேட்டதற்கு
ஹாரனை அடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள்தான் நான்.
அளந்தேன்.
ஆறும் அவர்களுடையது,
படியும் அவர்களுடையது.

ஏழரைக்கு சோகாரி வந்தாள்,
சந்தைக்குக் கானாங்கெளுத்தி வாங்க.
பெட்டியைத் தராசில் வைத்தேன். இருபது கிலோ.
அவள் முள்ளைப் பார்க்கவே இல்லை,
பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினாள்.
'ஐஸைக் கழித்துச் சொல்.'
தட்டினேன், உதறினேன்,
தரையில் வெள்ளையாய்ச் சிதறியது.
பதினேழு.
பதினேழுக்குத்தான் காசு தந்தாள்,
ஒரு நைரா கூட்டவில்லை.

மேசைக்குத் திரும்பி
லட்சத்தைத் தராசில் வைத்தேன்.
தட்டினேன், உதறினேன்.
எட்டாயிரம்.
அதுவும் இழப்பதற்கு மட்டும் தந்த எட்டாயிரம்.
அதற்குக் கேட்கும் விலை, தள்ளுபடி போக,
நானூற்று எட்டு.

ஏழு ஐம்பத்தைந்து.
விதிகளைப் படித்தேன், ஏற்கிறேன்
என்ற கட்டம் காலியாக இருக்கிறது.
கிடங்கின் கம்ப்ரஸர் ஒருமுறை இருமிவிட்டு ஓடுகிறது.

வெளியே எட்டிப் பார்த்து டகோகோவிடம் கேட்டேன்,
இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் சேர்த்து
என்ன ஆகும் என்று.
அவன் சொன்ன தொகை
ஏறக்குறைய அதே நானூற்று எட்டு.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
நானும் இன்னும்
என்னைக் கேட்கவில்லை.