தேவையான அளவு

மூன்று வருடம் கடைப் பார்சல்.
காலி வீதியில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடை
ஒரு தோசைக்கும் மூன்று கிண்ணத்துக்கும் நீட்டிய பில்லைப்
பார்த்த இரவுதான் தீர்மானித்தேன்.

புத்தகம் சென்னையில் அச்சானது.
வெள்ளவத்தை நடைபாதையில்,
மழைக்குப் பொலித்தீன் போர்த்தியிருந்த குவியலில்
இருநூற்றைம்பது ரூபா.
முன்னம் வைத்திருந்தவர்
ரசம் பக்கத்தில் மட்டும் மஞ்சள் விரல் பதித்திருந்தார்.
மற்றப் பக்கமெல்லாம் புதுசு.

சாம்பார். பக்கம் முப்பத்தொன்று.
துவரம்பருப்பு ஒரு கப்.
சரி.
புளி, எலுமிச்சை அளவு.
எந்த எலுமிச்சை?
எங்கள் சந்தைத் தேசிக்காய்
அதற்குத் தம்பியா, பேரனா?
மல்லியிலை ஒரு கைப்பிடி. ஆருடைய கை?
வெங்காயம் பொன்னிறமாகும்வரை.
செட்டியார் தெருவில் போய் நின்று
எத்தனை கரட் என்று கேட்பதா?

உப்பு, தேவையான அளவு.

நான் கணிய அளவையாளர்.
தெகிவளையில் எழும்பும் ஒன்பது மாடிக்கு
என் தாளில் ஏறாமல் ஓர் ஆணிகூட உள்ளே போகாது.
பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பி இத்தனை தொன்,
மணல் இத்தனை கியூப்.
தேவையான அளவு என்று ஒரு நாள் எழுதினால்
அடுத்த நாள் என் கதிரையில் வேறொருத்தி.

முதல் சனிக்கிழமை
குக்கர் மூன்று விசில் அடிக்கவேண்டும்.
எண்ணினேன். மூன்று.
திறந்தால் பருப்பு கல்லுக் கல்லாய்.
அதில் ஒன்று குக்கருடையதில்லை,
பாணந்துறைக்குப் போன ரயிலுடையது.

மெர்சலின், அறைத்தோழி, மன்னார்க்காரி,
மீனில்லாததைக் குழம்பென்று ஒத்துக்கொள்ளாதவள்,
ஒரு பருப்பை நகத்தால் நசுக்கப் பார்த்துவிட்டு
"இதை உன்ர தூணுக்குப் போடு" என்றாள்.

கடுகு வெடிக்கும் என்று எழுதியிருந்தது.
எந்தத் திசையில் என்று எழுதவில்லை.
தளத்தில் தலைக்கவசம் இல்லாமல் நான் நடப்பதில்லை.
குசினியில் ஒரு கண்ணாடிகூட இல்லை.

அடுத்த கிழமை மின்தராசு வாங்கினேன்.
புளி இருபத்தெட்டுக் கிராம். உப்புப் பதினொன்று.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
நன்றாக வந்தது.
அதற்கடுத்த கிழமை அதே பதினொன்று,
வாயில் வைக்க முடியவில்லை.
சாம்பார்த்தூள் வேறு கம்பனி,
அதற்குள்ளேயே உப்பு இருந்திருக்கிறது.
பைக்கற்றின் பின்பக்கம்
எறும்பு எழுத்தில் சொல்லியுமிருந்தார்கள்.

தளத்தில், கலவை இயந்திரத்தருகே ஜயதிஸ்ஸ.
தண்ணீர்க் குழாயைக் காலால் மிதித்து நிறுத்துவார்.
எத்தனை லீற்றர் என்று கேட்டால்
கலவையைப் பார்ப்பாரே தவிர என்னைப் பார்க்கமாட்டார்.
"எத்தி" என்பார்.
போதும் என்பதற்குச் சிங்களத்தில் அவ்வளவுதான்.
இரண்டு முறை அவர்மேல் அறிக்கை எழுதினேன்.
இரண்டு முறையும் கூம்புச் சோதனை
அவர் பக்கமே நின்றது.
அதையும் எழுதினேன், சின்ன எழுத்தில்.

நேற்றிரவு தராசின் பற்றரி செத்துப்போச்சு.
கடைகள் பூட்டியாச்சு. சாம்பார் கொதிக்குது.
யன்னலுக்கு வெளியே கடல் தெரியவில்லை,
சத்தம் மட்டும்.
உப்பைக் கையில் எடுத்தேன்.
கொஞ்சம். அகப்பையை நக்கிப் பார்த்தேன்.
இன்னுங் கொஞ்சம்.
பச்சை வாசம் போய்விட்டதா என்று மூக்கைக் கேட்டேன்,
அது இன்னும் பயிலுநர்தான், பதில் சொல்லவில்லை.
மூன்றாந்தரம் கையை உதறிவிட்டு
ஆருமில்லாத குசினியில் சொன்னேன்:
எத்தி.

உப்புக் கொஞ்சம் கூடத்தான்.
மெர்சலின் இரண்டாந்தரமும் சோறு போட்டாள்,
பக்கத்தில் கருவாடு பொரித்துக்கொண்டு.

புத்தகத்தில் பதினொன்றை அழிக்கவில்லை.
அருகில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இன்று காலை குழாயருகே நின்று
எத்தனை லீற்றர் என்று கேட்டேன் ஜயதிஸ்ஸவிடம்.
கேட்பதுதானே என் வேலை.