சத்தியக் கடதாசி

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பின் சந்து,
ஃபோட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்
கி. யோகநிதி, பக்கம் முந்நூறு ரூபா.
கதவுநிலை உளுத்துப்போனது.
காலையில் வந்தால் தட்டச்சுப்பொறிமேல்
பொன்னிற மா கொட்டிக் கிடக்கும்.
ஊதிவிட்டுத்தான் வேலை.

இரண்டாயிரத்து எட்டு, ஓகஸ்ட்.
சட்டத்தரணி ஹில்மி ஒரு தாளை நீட்டினார்:
"ஒரே ஒரு சொல்தான்.
பிள்ளை ஒன்பது நாளா உள்ளுக்கு."

பிள்ளை: ஜஸ்மிற்றா, பத்தொன்பது வயது,
ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை.
கொம்பனித்தெருவில் ஒரு கராஜ், இரவு பத்தரை,
பேஸ் கிற்றாரோடு பிடித்திருக்கிறார்கள்.
தலையில் ஒரு பாதி மழித்திருந்ததாம்,
காதில் சட்டைப்பின்.
நீங்கள் எல்லாம் யார் என்று கேட்டதற்கு
'நாங்க பங்க்' என்றாளாம்.
எழுதிய கொன்ஸ்ரபிளின் காதில்
அது 'பங்கர்' என்று விழுந்தது.

அவனைக் குறைசொல்ல மாட்டேன்.
மூதூர்ப் பொடியன்.
அவன் வளர்ந்த இடத்தில் அந்த ஒலிக்கு
ஒரே பொருள்தான்:
பனங்குற்றி, மண்மூட்டை,
அம்மா பிடரியில் தள்ள
உள்ளே போய் விழுவது.

எங்கள் நெடுங்கணக்கும் லேசுப்பட்டதல்ல.
உதடு ஒட்டிப் பிரியும் இரண்டு சத்தத்துக்கும்
ஒரே ப.
சிங்களத்தில் இரண்டு எழுத்து.
தமிழ் வாக்குமூலம் அடுத்த மேசைக்குப் போனபோது
அங்கிருந்தவர் இரண்டில் மற்றதை எடுத்தார்.
மூன்றாம் மேசையில் அவளைக் கேட்டார்கள்:
எங்கே அது? எத்தனை பேர் கொள்ளும்?

மூன்று அகராதி விரித்தேன்.
முதலாவது சொன்னது: உக்கிய மரம்,
பொறி பட்டதும் கனன்றுகொள்ளும் தக்கை.
அமெரிக்க ஆதிக்குடிகள் யாரோ
சாம்பலுக்குச் சொன்னதாம். நிச்சயமில்லை.
இரண்டாவது, அதைவிடப் பழைய ஆங்கிலத்தில்
வேசி என்றது.
அங்கிருந்து இங்கே எப்படி வந்ததென்று
சொல்லவில்லை.
எந்த மொழியிலும் முதல் வசவு யாருக்கென்று
எனக்குத் தெரியும், அதனால் தேடவுமில்லை.
பிறகு, சிறைக்கூடத்தில்
பலத்தவனுக்குக் கீழ்ப்பட்ட பையன்.
பிறகு சில்லறைக் கள்ளன், தறுதலை, காவாலி.
வெடிக்குத் திரி கொளுத்தும் குச்சியும் அதுதானாம்.
மூன்றாவது என் மாமனார் விட்டுப்போனது,
அட்டையில்லாதது,
பிறகு நடந்த எதையும் அறியாது:
எவரோ அந்த வசவைக் குனிந்து பொறுக்கித்
தம் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டதை,
கிற்றார் பழகாமலே மேடையேறியதை.

படிவத்தில் 'பொருள்' என்ற கட்டம்
இரண்டு அங்குலம்.

காவாலி என்று அடித்தேன். கிழித்தேன்.
உக்கல் என்று அடித்தேன். அழகாய்த்தான் இருந்தது;
நீதவான் சிரிப்பார்,
பிள்ளை உள்ளேயே இருப்பாள்.
கடைசியில்
'ஒருவகை மேலைத்தேய இசை, தீங்கற்றது'
என்று அடித்து முத்திரை குத்தினேன்.
பதினொரு வருடத் தொழிலில்
தெரிந்தே சொன்ன முதல் பொய்
அந்தத் 'தீங்கற்றது'.

வெள்ளிக்கிழமை அவளே வந்தாள்.
மழித்த பக்கத்தில் முடி அரும்பியிருந்தது.
சட்டைப்பின்னை அவர்கள் திருப்பித் தரவில்லை.
நகலை வாங்கி நின்றபடியே வாசித்தாள்.
"தீங்கற்றதா?
அன்ரி, நீங்க எங்கட பாட்டு
ஒன்னுமே கேட்டதில்ல."
காசை எண்ணி வைத்தாள். நன்றி சொல்லவில்லை.

போகும்போது கதவுநிலையில் விரல் ஊன்றி
அழுத்திப் பார்த்தாள்.
முதற்கணு வரை உள்ளே போனது.
"இது நல்லாப் பத்தும்" என்றாள்,
மாவை ஜீன்சில் துடைத்துக்கொண்டு.