எச்சில் கணக்கு

பள்ளத்தூரில் அந்த வாரம் மூன்று கல்யாணம்.
மூன்றும் வாடகைக்கு விட்ட அதே பெரிய வீட்டில்.
நான் இலை எடுப்பவள், அண்டா கழுவுபவள்.
மிஞ்சிய சோறு எனக்கென்று பேச்சு.
முதல் நாள் ஒரு வாளி, மறுநாள் இரண்டு,
மூன்றாம் நாள் மேலே பாயசமும் ஊற்றினேன்.
செவலை தொட்டியை நக்கிவிட்டு
இன்னும் உண்டா என்று பார்த்தது.

விடிந்தபோது எழவில்லை.
இடப்பக்கம் பானையாய் உப்பியிருந்தது.
சாணம் கரைத்த மாவு மாதிரி, புளித்த வாடை.
வாய் அசையவே இல்லை.

டாக்டர் ஹபீபா ஸ்கூட்டரில் வந்தார்.
விலாப் பள்ளத்தில் முஷ்டியை அமுக்கினார்,
குழல் வைத்துக் கேட்டார்,
"உள்ளே இடியே இல்லையே" என்றார்.
வயிற்றுச் சாற்றில் நனைத்த காகிதம்
செம்மஞ்சளானது.

"சோத்தை மாடு தின்னல தாயி.
வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாம
கோடிகோடியா பூச்சி.
அது தின்னும். கடைசியில
அந்தப் பூச்சியத்தான் மாடு தின்னும்."
புளிக்கவைக்கும் ஒரு ஜாதி மட்டும் பெருத்து
வைக்கோல் தின்கிற ஜாதியெல்லாம் மடிந்ததாம்.
என் வாளியிலா அத்தனை சாவு?

சோடா உப்பு கரைத்து ஊற்றினார்.
பிறகு வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தார்.
அடைக்கலத்தின் காரி அசைபோட்டுக்கொண்டிருந்தது.
அடைக்கலம் என் வீட்டில்
தண்ணீர்கூடக் குடித்ததில்லை, பதினோரு வருஷமாய்.
"மாட்டுக்குத்தானே" என்று முனகினாள்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
காரியின் வயிற்றிலிருந்து குழாய் வழியே
மூன்று லிட்டர் பச்சைக் குழம்பு,
சூடு ஆறுவதற்குள் செவலைக்கு.
எச்சில் என்று இரண்டு மாடும் சொல்லவில்லை.

டாக்டர் கை கழுவிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.
"கொட்டில்ல ஏன் இப்படி எரியுது?
புண்ணாக்கு எவ்வளவு?"
கடலைப் புண்ணாக்கு, இரண்டு கிலோ, காலையில் ஒரே வேளை.
பெருமையாகத்தான் சொன்னேன்.
"அதுல பாதி இதோ, உன் மூக்குல."

புரியவில்லை. அவர் என் தொழிலுக்கு வந்தார்.
"பந்தியில சாம்பார் வாளி வருது.
இலையில சோறில்ல.
சாம்பார் என்னாகும்?"
வழிந்தோடும். எனக்குத் தெரியாதா, நான் துடைத்த தரை.
"புண்ணாக்கு சட்டுனு கரையும், அதுல இருக்கிற நைட்ரஜன்
அம்மோனியாவா நிக்கும்.
மாவுச்சத்து அந்நேரம் கூட இருந்தா
பூச்சி ரெண்டையும் பிசைஞ்சு உடம்பாக்கிக்கும்.
இல்லேன்னா ரத்தத்துல ஏறி, ஈரல்ல மாறி,
மூத்திரமாப் போயிரும்.
கொஞ்சம் மட்டும் எச்சில் வழியா
திரும்ப வயித்துக்கு வரும்."

அன்றிரவு
காரைக்குடித் துணிக்கடை கொடுத்த காலண்டரின் பின்பக்கம்
கணக்கு எழுதினேன்.
புண்ணாக்கு வாங்கிய கடன் ஒரு பத்தியில்.
சொஸைட்டியில் ஊற்றிய பால் ஒரு பத்தியில்.
மூத்திரத்துக்குப் பத்தி போடத் தெரியவில்லை,
ஓரத்தில் எழுதி வட்டம் போட்டேன்.
மூன்று வருஷமாய்
தரைக்கு வட்டி கட்டியிருக்கிறேன்.

இப்போது புண்ணாக்கு முக்கால் கிலோ, மூன்றாய்ப் பிரித்து.
கூடவே புதுவயல் மில் தவிடு,
வைக்கோலை நறுக்கி,
குளத்தோரப் புல் ஒரு கட்டு.
பால் குறையுமென்று அடைக்கலம் சொன்னாள்.
கால் லிட்டர் குறைந்தது, உண்மைதான்.
கடன் அதைவிட அதிகம் குறைந்தது,
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நேற்றும் கல்யாணம். அண்டாவில் பாதிச் சோறு,
வெள்ளையாய், உதிரியாய், ஆறிப்போய்.
சமையல்காரர் வீரய்யா "அள்ளிக்க" என்றார்.
ஒரு கும்பா அள்ளினேன்.
மீதியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ரொம்ப நேரம்.
பசித்தவள் வீட்டில் பிறந்தவளுக்குச்
சோற்றை விட்டுவருவது
யார் சொன்னாலும் சுலபமில்லை.

கொட்டிலில் விளக்குப் போடவில்லை.
கண் எரியவில்லை, அதனால் உட்கார்ந்தேன்.
கழுத்தில் ஒரு உருண்டை மேலேறும் சத்தம்.
ஒரு கவளத்துக்கு ஐம்பதுக்கு மேல் மென்றால்
வயிறு நன்றாயிருக்கிறதாம்.
எண்ணினேன்.
நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.
வேலிக்கு அந்தப்பக்கம் காரியும் மென்றுகொண்டிருந்தது,
எது எந்த மாட்டின் சத்தமென்று
கணக்கு தப்பியது.
முதலிலிருந்து தொடங்கினேன்.