தீ தொடங்கிய இடம்

"உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்றார் பெந்தாங்கோர்,
சுவரில் தொங்கும் பட்டயத்தை நம்பாமல்.
பக்கத்தில் மனைவி. இருவருக்கும் நடுவே
சட்டைக் கையை மென்றுகொண்டிருக்கும் மகள்.

பதில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் இங்கிருந்துதான் வந்திருக்கும்:

பதினோரு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன்.
சால்ட்டோ நகரில் எந்த வீடு எரிந்தாலும்
மறுநாள் ரப்பர் பூட்ஸோடு நேலிதா எச்செவெரி போவாள்.
கரி, சுவரில் தலைகீழ்க் கூம்பாக ஏறியிருக்கும்.
கூம்பின் முனையில் இடம்.
உருகிய பல்பு, வெப்பம் வந்த பக்கமாய்ப் புடைத்திருக்கும்.
வீட்டுக்காரர்கள் பொய் சொல்வார்கள்,
பல்பு சொல்லாது.

அந்தத் திறமையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.
வில்மாரின் ஒரு வார்த்தையைப் பிடித்துப்
பின்னோக்கிப் பின்னோக்கிப் போய்
ஆறு வருடம் முந்தைய கிறிஸ்துமஸில்
அவன் அம்மா எனக்கு மட்டும் பரிமாற மறந்த
உருளைக்கிழங்கு சாலட்டில் நிறுத்துவேன்.
இங்கேதான். பார். இங்கே.
ஒவ்வொரு முறையும் சரியாகவே கண்டுபிடித்தேன்.
வீடு அதுபாட்டுக்கு எரிந்தது.

கடைசியில் நாங்களும் இப்படி ஓர் அறையில்.
ஆலோசகர் பேனா மூடியைக் கடிக்கிற ஒல்லி மனிதர்,
எங்களை விட்டுவிட்டு ஒன்பது வயது யமந்துவிடம்
வீட்டில் என்ன விளையாடுவாய் என்று கேட்டார்.
"அம்மா வருவதற்குள்
எதையும் தொடாத மாதிரி வைத்துவிடுவேன்."

அந்த வாக்கியத்தை எழுத
என் படிவங்களில் கட்டம் இல்லை.

முப்பத்தொன்பதில், வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில்
மொந்தெவிதெயோவுக்கு. கக்கத்தில் வெந்நீர்க் குடுவை,
கையில் மாத்தே, மடியில் கால்வாசி புரிந்த பாடப்புத்தகம்.
மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம்
வில்மார் பெட்டி கட்டினான்.
அதைத் தடுக்கிற படிப்பு இல்லை அது.
இப்போதும் என் கேஸ் அடுப்பு பழுதானால்
அவன்தான் வருகிறான். குழாயைத் திருகுகிறான்.
எதனால் கசிந்தது என்று நான் கேட்பதில்லை.
கேட்க வருகிறது, கேட்பதில்லை.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
அணைந்து இருபது வருடம் ஆன பின்னும்
புகைகிற வீடுகளை நான் பார்க்கிறேன்,
வாரத்துக்கு ஒன்பது.

பெந்தாங்கோர் தொண்டையைச் செருமுகிறார்:
"எல்லாம் அந்த ராத்திரியில்தான் ஆரம்பித்தது..."
என் பேனா, தாளின் மூலையில்
தானாக ஒரு கூம்பு வரைந்திருக்கிறது.
உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன்.

மகளின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்துவிட்டது.
ஜன்னலைத் திறக்கட்டுமா என்று
அவளிடம் கேட்கிறேன்.