பிற குறிப்புகள்

அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான்தான்.
பதினொரு முறை.
வகுப்பின் கடைசியில், பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து.

நோலீன் ட்ராஸ்க். கணிதம். எட்டாம் வகுப்பு.
பாடக் குறிப்பு: தாமதம்.
பலகை ஒழுங்கு: திருப்தியில்லை.
மாணவர் ஈடுபாடு: ஒருவன் தூங்குகிறான்.

விசாரணை பெர்த்தில், ஏழாவது மாடியில்.
அறுத்து முடித்த கோதுமை நிலங்களைத் தாண்டி
மூன்றரை மணி நேரம் ஓட்டி வந்தேன்.
பாதி வழியில், பெட்ரோல் பங்கில்,
அவருடைய வெளுத்த நீல வண்டி.
எனக்கும் பெட்ரோல் போட வேண்டியிருந்தது.
நிறுத்தவில்லை.
அடுத்த பங்க் வரை
சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டினேன்.

வக்கீல் வுகோவிச் குரலை உயர்த்தவே இல்லை.
மேம்பாட்டுத் திட்டம் எத்தனை வாரம்?
பத்து.
அதில் பள்ளி விடுமுறை?
இரண்டு.
ஆசிரியை நிமோனியாவில் படுத்திருந்தது?
ஒன்று.
தேர்வு வாரம், பாடமே நடக்காதது?
ஒன்று.
வழிகாட்டி ஒருவர் நியமிக்கப்படுவார் என்று
எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அவர் பெயர்?
தண்ணீர் குடித்தேன்.
அந்த இடம் காலியாக இருந்தது என்றேன்.
எந்த இடம், படிவத்திலா, பள்ளியிலா?
இரண்டிலும்.

எதிரே நோலீன் தலை நிமிராமல்
மேசை விளிம்பில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
பத்தில் நான்கு போனால் ஆறு.
விரல்விட்டு எண்ண வெட்கப்படாதீர்கள் என்பார் வகுப்பில்.
அதையும் ஒரு குறையாக எழுதியிருந்தேன்,
மூன்றாம் படிவத்தில்.

சொல்லிவிடுகிறேன்:
அவர் நல்ல ஆசிரியை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
ஒரு பருவத்து விடைத்தாள் கட்டு
அவர் கார் டிக்கியிலேயே கிடந்து பழுப்பேறியது.
பின்னங்களுக்குள் நுழைந்தால் சில நாள்
அவருக்கே வெளியே வர வழி தெரியாது.
பெற்றோர் இருவர் புகார் எழுதினார்கள்.
ஒருவர் எழுதியது நியாயம்தான்.

தூங்கிய பையன் ஏன் தூங்கினான், தெரியுமா?

தெரியும்.
ரீகன். அறுவடை நேரம். அப்பாவுக்குக் கை முறிவு.
விடிகாலை இரண்டு மணிவரை
வயலுக்குள் டிராக்டர் ஓட்டியிருந்தான், பதின்மூன்று வயதில்.

உங்களுக்கு எப்படித் தெரியும்?
நோலீன் சொன்னார்.
எப்போது?
நான் எழுதிக்கொண்டிருந்தபோது.
என் பக்கம் குனிந்து, மெதுவாக.
கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது,
எழுந்ததும் போடுவான் என்றார்.

அதை எங்கே எழுதினீர்கள்?

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு,
தபால் தலை அளவுக்கு.
பதினொன்றிலும் அதன் குறுக்கே கோடு இழுத்திருந்தேன்.
ஒன்பதாவதில் ஸ்கேல் வைத்து.

ஒன்பது வாரம் கழித்து மின்னஞ்சலில் வந்தது தீர்ப்பு.
நாற்பத்தொரு பக்கம்.
வேலையில் குறை இருந்தது. நீக்கிய விதம் நியாயமற்றது.
மறுபடி அதே பள்ளியில் அமர்த்த முடியாது,
இரு தரப்பிலும் நம்பிக்கை போய்விட்டதாம்.
பதினான்கு வாரச் சம்பளம்.
யார் ஜெயித்தது என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள்.
நான் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்றாம் பத்தியில் என் பெயர்:
சாட்சி ஹக்ஸ்டெப் உண்மையைச் சொன்னார், தாமதமாக.
அந்தக் காற்புள்ளியில் ரொம்ப நேரம் நின்றேன்.

நோலீன் இப்போது தானியக் கிடங்கில்
லாரிகளுக்கு எடை போடுகிறாராம்.
கணக்கு ஒரு கிலோ பிசகுவதில்லை என்கிறார்கள்.
ரீகன் தன் மாமாவோடு போனால்
முன் கண்ணாடியைத் தட்டிவிட்டுத்தான் சீட்டு கொடுப்பாராம்.

எங்களுக்குப் புதுப் படிவம் வந்துவிட்டது.
டேப்லெட்டில். தொட்டால் போதும், பேனா வேண்டாம்.
அடியில் இருந்த அந்தக் கட்டத்தை
எடுத்துவிட்டார்கள்.
காரணம் கேட்டேன்.
அதை யாரும் நிரப்புவதில்லையே என்றார்கள்.