கலந்தாலோசிக்கப்படுவார்

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவில்
எனக்கென்று ஒரு வினைச்சொல் இருந்தது.
குரல் தேர்வின்போது மூலப் படைப்பாளர்
கலந்தாலோசிக்கப்படுவார்.
செயப்பாட்டு வினை.
உட்காரவைக்கப்படுவார் என்பதுபோல.

கானாடுகாத்தானில் மூன்று நாளைக்கு
ஒரு வீட்டை எடுத்திருந்தார்கள்.
முதலில் வளவில் மைக் வைத்தார்கள்.
அங்கே யார் பேசினாலும்
வீட்டுக்காரர் பேசுவதுபோல் கேட்டது.
எட்டு வயதுப் பையன் "அக்கா, ஓடு" என்றான்.
தூணெல்லாம் சேர்ந்து
வட்டிப் பாக்கி கேட்டன.
மதியத்துக்குமேல்
சன்னல் இல்லாத சாமான் அறைக்கு மாறினோம்.
சுவரெங்கும் வாடகை மெத்தைகள்,
கல்யாண மண்டபத்து முத்திரையோடு.
மின்விசிறியை நிறுத்தினால்தான் ஒலிப்பதிவு.
நிறுத்தினால் மூச்சு விட முடியாது.

ஒன்பது வருஷமாக நெருஞ்சியை வரைகிறேன்.
மாதம் இருபத்திரண்டு பக்கம்.
முழங்கால் தழும்பு எந்தக் காலில் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
தண்ணி லாரிக்காரர்களை அவள் ஏசிய
ஒவ்வொரு ஏச்சுக்கும்
குமிழியின் வால் எந்தப் பக்கம் வளைந்தது
என்றுகூடச் சொல்வேன்.

"அவ குரல் எப்படி இருக்கும் மேடம்?"
ஜெபின் கேட்டார்.
வாயைத் திறந்தேன்.
என்னிடம் இருந்தது எழுத்தின் தடிமன் மட்டும்.
கோபமென்றால் தடித்த பேனா.
கிசுகிசுப்பென்றால் விட்டுவிட்டுக் கோடு.
"கொஞ்சம்... மணல் மாதிரி" என்றேன்.
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார், பாவம்.

முப்பத்தொரு குரல்கள்.
சென்னையிலிருந்து வந்த பெண் இதுவரை
மூன்று அணில், ஒரு பற்பசை, ஓர் இளவரசி.
அவள் சிரிப்பில் மணி கட்டியிருந்தது.
நெருஞ்சி அப்படிச் சிரித்தால்
லாரிக்காரன் ஹாரனை விட்டுவிட்டுக் கைதட்டுவான்.
பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிறவர்
எந்த வசனத்தையும்
"வழி, திருப்பத்தூர்" ராகத்தில் முடித்தார்.
கொத்தமங்கலத்துப் பள்ளிக்கூடப் பெண்
அழச் சொன்ன இடத்தில் நிஜமாகவே அழுதாள்.
சமாதானப்படுத்த அரைமணி.
எல்லோர் பெயருக்கும் எதிரே
நான் எழுதியது ஒரே சொல்: இல்லை.
இல்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன.
எது ஆம் என்றுதான் தெரியவில்லை.

ரோசலின் மேரி, நாற்பத்து மூன்று, தேவகோட்டை.
லாரி முதலாளியின் மனைவி வேஷத்துக்கு வந்தவர்.
இரண்டு பக்கம் வாசித்தார். சுமார்தான்.
"நன்றிங்க" என்று சொல்லி
ஜெபின் ஹெட்போனைக் கழற்றினார்.
நான் கழற்றவில்லை.
மைக் திறந்தே கிடந்தது.
அந்த அம்மா யாரையும் பார்க்காமல்,
"தண்ணி கெடைக்குமா?"

இரண்டு சொல்.
கெஞ்சல் இல்லை. அதட்டலும் இல்லை.
வரவேண்டிய பாக்கியை,
வராதென்று தெரிந்தே,
கேட்டுவைப்பது மாதிரி.
என் கையில் ரோமம் சிலிர்த்தது.
யாரோ ஒரு சொம்பு கொண்டுவந்தார்கள்.
அவர் குடிக்கிற சத்தத்தையும்
முழுக்கக் கேட்டேன்.

"மேடம், நாற்பத்து மூணு.
நெருஞ்சிக்குப் பன்னண்டு."
ஒன்பது வருஷமாகப் பன்னிரண்டிலேயே நிற்கிறவளுக்கு
என்ன வயசென்று நீங்களே சொல்லுங்கள், என்றேன்.
கலந்தாலோசித்தார்கள்.
என்னோடு ஒரு மணி நேரம்.
பிறகு நானில்லாமல், முற்றத்து வெயிலில்,
போனைக் காதில் வைத்தபடி இன்னொரு மணி நேரம்.

மணிச் சிரிப்புக்கு நெருஞ்சி.
ரோசலினுக்கு
கூட்டக் குரல், பெண்கள், இரண்டு முதல் ஐந்து வரை.
எனக்குப் போக வர ஆட்டோ.

இப்போது காரைக்குடி, ராத்திரி பதினொன்று.
நூற்றொன்பதாவது இதழ், முதல் கட்டம்.
லாரிக்கு முன்னால் நெருஞ்சி நிற்கிறாள்.
குமிழியை வரைந்துவிட்டேன்.
உள்ளே எழுதுமுன்
முதல்முறையாகக் காதுகொடுத்துக் காத்திருக்கிறேன்.

மணிதான் முதலில் கேட்கிறது.

எழுந்துபோய்
மின்விசிறியை நிறுத்துகிறேன்.