புளியரைக்கு மேலே ஒரு துளை

துளையிடும் எந்திரம் கொல்லத்துக்காரர்களுடையது.
டீசல் எங்களுடையது.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது,
மூன்றாம் பக்கம், சிறிய எழுத்தில்.

எஸ் வளைவு தாண்டிச்
சாலையைக் குடைந்து எடுத்த உருளை
என் முழங்கை நீளம்.
மேலே தார், நடுவே ஜல்லி,
அடியில் ஒரு விரற்கடை செம்மண் சரளை,
செங்கோட்டை அவர்கள் பக்கம் இருந்த காலத்தது.

ரெஜிமோன் அதைப் பிட்டுப் பார்த்தார்.
தார் ஒட்டாமல் கல் வெளுத்திருந்தது.
"வெள்ளம்" என்றார்.
எந்த வருஷத்து வெள்ளம் என்று கேட்டேன்.
சிரித்தார். அவர் சொன்னது
வெறும் தண்ணீரை.

ஆறு வருடம் நெல்லை ஆய்வுக்கூடத்தில்
வெயில் தாரை இளக்குவதை அளந்தோம்.
அவர்கள் அங்கே
மழை தாரை உரிப்பதை அளந்தார்கள்.
ஹூப்ளியிலிருந்து வந்த பசவண்ணெப்பா
தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தார்:
இரண்டையும் சேர்த்து அளந்து,
அச்சிட்டு,
அலமாரியில் பூட்டிய அறிக்கை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
மலையேறும் வைக்கோல் லாரி ஒன்று
எல்லைக் கோட்டுப் பள்ளத்தில் குலுங்கியது;
முன்சக்கரம் அங்கே விழுந்தது,
பின்சக்கரம் இங்கே.
சாலையெல்லாம் எங்கள் வைக்கோல்.

சாரல் பிடித்துவிட்டது.
எடுத்த துளையை மூடவேண்டும்.
இரண்டு டிரம்களுக்கு நடுவில்
சட்டியோடு நின்ற சுடலைமுத்து கேட்டார்,
"எந்த கவர்மெண்டுத் தாரு சார் ஊத்த?"

"எது சூடா இருக்கோ
அதை ஊத்தும்வே."